பெட்டியும் பெருமையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

விமானப் பயணம் சீமான்களுக்கே உரியது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. திருநகரில் வாழும் நமக்கு ஒரு பக்கம் திருப்பரங்குன்றத்து மலை. மறுபக்கம் பெருங்குடி விமான நிலையம். நம் பாட்டன்மார் மலையையும் அண்ணாந்து பார்த்தனர். விமானத்தையும் அண்ணாந்து பார்த்தனர். பௌர்ணமி தோறும் கிரிவலம் வந்து மலையை நெருங்கினர். விமானத்தை நெருங்க மட்டும் அவர்களுக்கு வழி இருந்ததில்லை.

இன்று நிலை வேறு. பெங்களூரில் கணிப்பொறி வேலை பார்க்கும் பிள்ளை வெள்ளியன்று வந்து ஞாயிறன்று திரும்புகிறான். ஜவுளி வியாபாரி காலையில் சென்னை சென்று கணக்கு முடித்து மறுநாள் வீடு வந்து சேர்கிறார். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆண்டுக்கு நான்கு முறை ஐதராபாத்துக்குப் பறக்கும் பாட்டிமார் நம் தெருக்களில் உண்டு. இவர்கள் எல்லோரும் ஏறுவது பட்ஜெட் விமானங்கள் எனப்படும் சிக்கன விமானங்களிலேதான். ஆகவே, அந்த விமானங்களுக்குள் கையோடு எடுத்துச் செல்லும் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பது இன்று நம் வீட்டுக் கேள்வியாகிவிட்டது.

பெட்டியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்க வேண்டா. பெட்டி தவறினால் பணம் போகிறது. பணத்தோடு மானமும் போகிறது. எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்பதை விளம்பரத்திடமும் அடுத்த வீட்டாரிடமும் கேளாமல், தராசிடமும் அளவுநாடாவிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

சீட்டு மலிந்த கதை

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். விமானச் சீட்டு எப்படி மலிந்தது? 2003ஆம் ஆண்டு கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் நிறுவனத்தின் விமானங்களைப் பறக்கவிட்டார். ஒரு ரூபாய்க்கு விமானச் சீட்டு என்ற அவருடைய திட்டம் அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. 2020இல் வெளிவந்த ‘சூரரைப் போற்று’ திரைப்படம் அவர் வாழ்வைத் தழுவி எடுக்கப்பட்டது. அதன் கதாநாயகனைச் சோழவந்தான்காரனாகக் காட்டியதால் நம் பகுதி மக்கள் அப்படத்தைத் தம் வீட்டுக் கதையாகவே பார்த்தனர். டெக்கான் 2008இல் கிங்ஃபிஷரோடு இணைந்தது. 2012இல் கிங்ஃபிஷரும் பறப்பதை நிறுத்திக்கொண்டது. ஆனால் திறந்த வழி மூடவில்லை. 2006இல் தொடங்கிய இண்டிகோ அவ்வழியே வந்து நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமாக வளர்ந்துவிட்டது.

இந்த மலிவுக்குப் பின்னால் மாயம் ஒன்றும் இல்லை. ஓட்டலில் முழுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, சோறு தனி, குழம்பு தனி, அப்பளம் தனி என்று விலை போட்டால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. உணவு தனி, விரும்பும் இருக்கை தனி, மூட்டை தனி. அமெரிக்காவில் பெரிய நிறுவனமான அமெரிக்கன் ஏர்லைன்ஸே 2008இல் சரக்கறையில் போடும் முதல் பெட்டிக்கு 15 டாலர் கேட்கத் தொடங்கியது. நம் நாட்டில் 2021 பிப்ரவரியில், சரக்கறைப் பெட்டி இல்லாமல் கைப்பையோடு மட்டும் வருவோருக்குச் சீட்டு விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அனுமதித்தது. 2024இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அப்படிப்பட்ட சீட்டை விற்கத் தொடங்கியது.

இரயிலோடு ஒப்பிட்டால் வேற்றுமை நன்கு புலப்படும். படுக்கை வசதி கொண்ட இரண்டாம் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். 1977 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரசில் அரிசி மூட்டை, தேங்காய், குத்துவிளக்கு எல்லாம் ஏறிப்போனதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பழக்கம் நம் இரத்தத்தில் ஊறியது. சிக்கன விமானமோ கைப்பைக்கு 7 கிலோ என்று கோடு கிழித்துவிட்டது. 40 கிலோ பழக்கமும் 7 கிலோ சட்டமும் மோதும் இடம்தான் விமான நிலையத்துத் தராசு.

அந்தத் தராசின் முன்னே நடப்பதை ஒரு நிகழ்ச்சியால் சொல்வேன். எங்கள் தெருவில் ஓர் அம்மையார். மகளின் வளைகாப்புக்குப் பின் முதன்முறையாக விமானத்தில் புறப்பட்டார். பளபளக்கும் புதுச் சக்கரப்பெட்டி ஒன்றை வாங்கித் தந்திருந்தான் மகன். தராசில் வைத்தபோது 9 கிலோ 400 கிராம். கூடுதல் எடைக்குக் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் என்றார்கள். இல்லையேல் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, அவர் தரையில் அமர்ந்து பெட்டியைத் திறந்தார். சேலைகளுக்கு நடுவே இருந்த அதிரச டப்பாவும் பருப்புப் பொடியும் வெளியே வந்தன. அந்தப் பெட்டியின் சொந்த எடை மட்டும் 3 கிலோ என்பதை அங்கே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மகளுக்காகக் கைநோகச் செய்த பலகாரம் வெளியே நின்றது; வெறும் பிளாஸ்டிக் உள்ளே பறந்தது. இதில் அந்தத் தாயின் பிழை என்ன?

எடைக் கணக்கு

கல்லூரி விடுமுறை நாட்களில் நான் மாசி வீதிப் பக்கம் ஒரு பைக்கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளை நான் அறிவேன். “என்ன கலர் இருக்கு?”, “எத்தனை வருஷம் கியாரண்டி?”, “நம்பர் பூட்டு இருக்கா?” என்று கேட்பார்கள். “வெறும் பெட்டி எத்தனை கிலோ?” என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். பெட்டியில் தொங்கும் அட்டையில் உயரம் இருக்கும். எத்தனை லிட்டர் என்று இருக்கும். விலை பெரிதாக இருக்கும். வெற்றெடையை நான் பார்த்த அட்டைகள் பலவற்றில் காணோம்.

ஆகவே கடையில் ஓய்வு நேரத்தில் ஒரு தொங்கு தராசு கொண்டு நானே நிறுத்துப் பார்த்தேன். விமானத்துக்குள் எடுத்துச் செல்லத்தக்க சிறிய அளவில், நான்கு சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிகள் 2 கிலோ 500 கிராம் முதல் 3 கிலோ வரை இருந்தன. துணியால் ஆன இரு சக்கரப் பெட்டிகள் ஏறத்தாழ 2 கிலோ. சக்கரமில்லாத துணிப் பயணப்பை 800 கிராம் முதல் ஒரு கிலோ. முதுகில் மாட்டும் பைகளில் நல்லவை 700 கிராம் முதல் 1 கிலோ 200 கிராம் வரை.

இப்போது கணக்குப் போடுவோம். 7 கிலோவில் பெட்டியே 3 கிலோ என்றால் நூற்றுக்கு 43 பங்கு பெட்டிக்கே போய்விடுகிறது. மிஞ்சுவது 4 கிலோ. அதில் மடிக்கணினியும் அதன் சார்ஜரும் 2 கிலோ எடுத்துக்கொண்டால் உடுப்புக்கு 2 கிலோதான். பை 700 கிராம் என்றால் பத்தில் ஒரு பங்கோடு முடிகிறது. 6 கிலோ 300 கிராம் நமக்கே சொந்தம்.

மாதம் இருமுறை ஊருக்கு வந்து திரும்புபவர் ஆண்டுக்கு 48 முறை விமானம் ஏறுகிறார். தேவைக்கு மேல் ஒன்றரை கிலோ கனமான பெட்டியை அவர் வைத்திருந்தால், ஓராண்டில் 72 கிலோ வெறும் பிளாஸ்டிக்கையும் இரும்புக் கம்பியையும் வானத்தில் ஏற்றி இறக்குகிறார். அது ஓர் ஆளின் எடை! சீட்டு வாங்காத ஓர் ஆளை ஆண்டுக்கொரு முறை தோளில் தூக்கிச் செல்வதற்கு இது சமமன்றோ? மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு தாங்காது என்று வள்ளுவர் எச்சரித்த நாட்டில் நாம் பெட்டியின் கனத்தைப் பெருமையாக எண்ணுகிறோம்.

கன அளவுக் கணக்கு

அடுத்தது அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது என்பது இண்டிகோ, ஏர் இந்தியா போன்ற நிறுவனங்களின் விதி. 55, 35, 25 என்று வைத்துக்கொண்டால் கூட்டல் சரியாக 115 வரும். இந்த அளவில் சக்கரமும் கைப்பிடியும் சேர்த்தி. கடை அட்டையில் பெட்டியின் உடம்பை மட்டும் அளந்து 55 என்று போட்டிருப்பார்கள். சக்கரம் வெளியே மூன்று நான்கு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அளவுநாடாவைத் தரையிலிருந்து பிடியின் உச்சி வரை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

இனி, இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு செய்தி சொல்கிறேன். 55, 35, 25 மூன்றையும் பெருக்கினால் 48 லிட்டர் வருகிறது. 7 கிலோவை 48 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 146 கிராம். அதாவது நீரின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்கு. வீட்டில் 20 லிட்டர் வாளி ஒன்றில் மடித்த துணிகளை அமுக்காமல் அடுக்கி நிறுத்துப் பார்த்தேன். 4 கிலோவுக்கு மேல் வந்தது. லிட்டருக்கு 200 கிராமுக்குக் குறையவில்லை. இதன் பொருள் என்ன? அனுமதித்த முழு அளவுக்குப் பெட்டி வாங்கி அதை நிரம்ப அடுக்கினால், அது நிச்சயமாக 7 கிலோவைத் தாண்டும். கண் சொல்கிறது இடம் இருக்கிறது என்று. தராசு சொல்கிறது இடம் முடிந்துவிட்டது என்று. கண்ணை நம்பி அடுக்குபவர் தராசிடம் தோற்கிறார்.

ஆகவே பெரிய பெட்டி வாங்குவது பயணத்துக்கு இலாபம் என்பது மயக்கம். 30 லிட்டர் முதல் 35 லிட்டர் வரை உள்ள பையே 7 கிலோ விதிக்குப் பொருந்திய பை. அது நிரம்பும்போது எடையும் ஏறத்தாழ நிரம்பியிருக்கும். பையே நமக்குத் தராசாக இருந்து எச்சரிக்கும். மேலும், சிறிய ஏடிஆர் ரக விமானங்களில் தலைக்கு மேலுள்ள அறை சிறியது. கெட்டிப் பெட்டி அதில் நுழையாவிட்டால் படிக்கட்டருகே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். துணிப் பையோ வளைந்து கொடுக்கும்; முன் இருக்கையின் அடியிலும் அடங்கும்.

சக்கரம் வேண்டுமா?

சக்கரத்தை நான் பழிக்கவில்லை. மனிதன் சந்திரனில் கால் வைத்த 1969ஆம் ஆண்டிலும் உலகம் பெட்டியைக் கையில்தான் தூக்கிக்கொண்டிருந்தது என்றால் வியப்பாக இருக்கிறது. பெர்னார்ட் சேடோ என்ற அமெரிக்கர் பெட்டிக்குச் சக்கரம் பொருத்தி வாரால் இழுக்கும் முறைக்கு 1972இல் காப்புரிமை பெற்றார். ராபர்ட் பிளாத் என்ற விமானி 1987இல் பெட்டியை நிமிர்த்தி, இரு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்தார். இன்று நாம் காணும் டிராலிப் பெட்டி அவரது கைவண்ணமே.

ஆனால் அது எந்த இடத்துக்கு உரியது? வழுவழுப்பான பளிங்குத் தரைக்கு உரியது. விமான நிலையத்துக்குள் அந்தத் தரை சில நூறு மீட்டர். வீட்டிலிருந்து மூன்றாவது ஸ்டாப் வரை மண்ணும் சல்லியும்; பிறகு நகரப் பேருந்தின் உயரமான படி; பிறகு ஆட்டோ. அங்கெல்லாம் சக்கரம் உருளாது; சக்கரத்தையும் சேர்த்து நாம்தான் தூக்குகிறோம். இழுப்பதற்காக வாங்கிய பெட்டி நம்மைத் தூக்க வைக்கிறது.

முதுகுவலிக்காரர், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்குச் சக்கரம் வரப்பிரசாதம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் துணியால் ஆன இரு சக்கரப் பெட்டியைத் தேர்ந்தால் கெட்டிப் பெட்டியைவிட அரை கிலோவுக்கு மேல் மிச்சமாகும். இருபது வயதில் வலுவான தோள் இருக்கையில் நமக்கு எதற்குச் சக்கரம்?

துணியும் தையலும்

நல்ல பையை எப்படி அறிவது? நம் பகுதி பஞ்சாலைப் பகுதி. ஹார்வி மில் தொழிலாளர்களுக்காக எழுந்த ஹார்விப்பட்டி நம் பக்கத்து ஊர். நூலைக் ‘கவுண்ட்’ எண்ணால் மதிப்பிடுவது மில் குடும்பங்களுக்குத் தெரியும். எண் கூடினால் நூல் மெலியும். பைத் துணிக்கு ‘டெனியர்’ என்ற எண் உண்டு. இது நேர்மாறு; எண் கூடினால் இழை தடிக்கும். 9,000 மீட்டர் நீள இழை எத்தனை கிராமோ அதுவே அதன் டெனியர். கைப்பைக்கு 300 முதல் 600 டெனியர் துணி போதும். அதற்கு மேல் போனால் உழைப்பு கூடுவதைவிட எடைதான் கூடும்.

அடிக்கடி பயணம் செய்வோர் பையில் முதலில் கெடுவது துணியன்று; ஜிப்பும் தோள்வார் தையலும்தான். ஜிப்பை ஒரு கையால் பத்துமுறை திறந்து மூடிப் பாருங்கள். மூலையில் சிக்கினால் வைத்துவிடுங்கள். தோள்வார் பையோடு சேரும் இடத்தில் ஒற்றைத் தையலா, குறுக்குத் தையலும் உண்டா என்று திருப்பிப் பாருங்கள். ஜிப்பும் வாரும் நம் ஊர்த் தையற்கடையில் மாற்றக்கூடியவை. கெட்டிப் பெட்டியின் ஓடு விரிந்தாலோ சக்கரம் உடைந்தாலோ பெரும்பாலும் பெட்டியையே கழிக்க வேண்டி வருகிறது. பழுது பார்க்கத்தக்க பொருளை வாங்குவதே ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் அழகு.

இருமுடி தரும் பாடம்

பையின் உள்ளமைப்பு எப்படி இருக்க வேண்டும்? இதற்கு நான் வெளிநாட்டைத் தேடவில்லை. சபரிமலைக்குச் செல்லும் சாமிமாரின் இருமுடியைப் பாருங்கள். முன்முடியில் இறைவனுக்கு உரியவை. பின்முடியில் தமக்கு வேண்டியவை. இரண்டும் கலப்பதில்லை. விமானப் பைக்கும் இரண்டு அறை போதும். முன்னறையில் சோதனைக்கு எடுத்துக் காட்ட வேண்டியவை: மடிக்கணினி, பவர் பேங்க், அடையாள அட்டை, மருந்து. பின்னறையில் உடுப்பு. சோதனைச் சாவடியில் பின்னறையைத் திறக்கும் வேலையே வராது. இருபது அறை வைத்த பைகளை வாங்காதீர்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு ஜிப், ஒவ்வொரு ஜிப்புக்கும் ஒரு எடை.

இருமுடியைப் பற்றிப் பேசும்போது இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. பாதுகாப்பு விதிகளின்படி தேங்காயைக் கைப்பையில் விடுவதில்லை. ஆனால் 2024 அக்டோபரில், ஐயப்ப பக்தர்கள் நெய்த்தேங்காய் உள்ள இருமுடியைச் சோதனைக்குப் பின் கையோடு கொண்டுபோகலாம் என்று ஒன்றிய அரசு அந்தப் பருவத்துக்குத் தளர்வு அளித்தது. மக்கள் எடுத்துச் சொன்னால் விதியும் வளையும் என்பதற்கு இது சான்று. இருமுடிக்கு வளைந்தது என்பதற்காக ஊறுகாய் பாட்டிலுக்கும் வளையும் என்று எண்ணிவிடக் கூடாது. மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் தடுக்கிறார்கள். வெளிநாட்டு விமானத்தில் எந்தத் திரவமும் 100 மில்லி புட்டிக்கு மேல் கூடாது. முறுக்கும் சீடையும் பருப்புப் பொடியும் இத்தொல்லை அற்றவை, எடையும் குறைவு.

பவர் பேங்க் பற்றியும் ஒரு கணக்கு. அதைச் சரக்கறையில் போடவே கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் கண்ணுக்கெதிரே இருந்தால்தான் அணைக்க முடியும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. பவர் பேங்கின் மேல் மில்லி ஆம்பியர்-மணியில் எழுதியிருக்கும். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி வரும். 20,000 என்று எழுதியிருந்தால் 74; 10,000 என்றால் 37. சென்னைக்கோ பெங்களூருக்கோ போக 10,000 போதும், எடையும் பாதி. பையைப் படிக்கட்டருகே சரக்கறைக்குக் கேட்டால் முதலில் இதைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே இது முன்னறையில் இருக்க வேண்டும் என்றேன்.

உள்ளே வைப்பதிலும் நம் ஊர்ப் பொருள்களே நமக்குத் துணை. கனத்த குளியல் துவாலையைவிட மெல்லிய பருத்தித் துண்டு நான்கில் ஒரு பங்கு எடைதான். ஓர் இரவில் காயும். பட்டுச் சேலையைவிட மதுரைச் சுங்குடி இலேசு. ஜீன்ஸ் கால்சட்டையையும் ஷூவையும் உடுத்திக்கொண்டு போனால் ஒன்றரை கிலோ தராசுக்கு வராமலே விமானம் ஏறிவிடும்.

யார் திருந்த வேண்டும்?

பயணிக்கு மட்டும் புத்தி சொல்லி முடித்தால் இக்கட்டுரை ஒருதலைப்பட்சமாகும். விதி விதிப்போருக்கும் கடமை உண்டு. ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் ஒரு வழக்கில், சரக்கறைப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம். ஆனால் நியாயமான எடையும் அளவும் கொண்ட கைப்பை பயணத்தின் இன்றியமையாத பகுதி, அதற்குத் தனி விலை கூடாது என்று கூறியது. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு, கைப்பைக்குக் கட்டணம் வாங்கியது உள்ளிட்ட குற்றங்களுக்காக ரயான்ஏர், ஈசிஜெட் முதலிய ஐந்து சிக்கன விமான நிறுவனங்களுக்கு மொத்தம் 17 கோடியே 90 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. நம் நாட்டில் கைப்பை இன்னும் இலவசமாகவே இருக்கிறது. அது இலவசமாகவே நீடிக்க வேண்டும் என்று குரல் கொடுக்க வேண்டியது பயணிகளாகிய நம் பொறுப்பு.

என் கோரிக்கைகள் மூன்றே. முதலாவது, பெட்டி விற்பவர்கள் விலையை அச்சிடும் அளவு எழுத்திலேயே வெற்றெடையையும் சக்கரம் சேர்ந்த உயரத்தையும் அட்டையில் அச்சிட வேண்டும். மளிகைக் கடையில் நிகர எடை போடாத பாக்கெட்டை நாம் வாங்குவோமா? எடையே விலையாக மாறும் பயணத்துக்கு விற்கும் பெட்டியில் மட்டும் எடையை மறைப்பது ஏன்? இரண்டாவது, மதுரையிலிருந்து புறப்படும் பயணியின் கைப்பேசிக்கு வரும் சீட்டுச் செய்தியில் “கைப்பை ஒன்று, 7 கிலோ, 115 சென்டிமீட்டர்” என்ற ஒரு வரியைத் தமிழில் முதலிலேயே எழுத வேண்டும். இன்று அது ஆங்கிலத்தில், நிபந்தனைகளின் காட்டுக்குள் எங்கோ ஒளிந்து கிடக்கிறது. மூன்றாவது, விமான நிலைய வாசலிலேயே யாரும் நிறுத்துப் பார்க்கத்தக்க ஒரு பொதுத் தராசு வேண்டும். உறவினர் வழியனுப்ப நிற்கும் இடத்திலேயே மிகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தரையில் அமர்ந்து பெட்டியைத் திறக்கும் நிலை எந்தத் தாய்க்கும் வராது.

விமான நிறுவனத்தார் கேட்கலாம்: “எடைக்கு எரிபொருள் செலவாகிறதே, நாங்கள் தர்மச் சத்திரமா நடத்துகிறோம்?” நியாயமான கேள்வியே. எடையை வரையறுப்பதை நாம் எதிர்க்கவில்லை. வரையறையை முன்கூட்டியே, நம் மொழியில், தெளிவாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். தெரிந்து மீறுபவனிடம் தண்டம் வாங்குவது ஒழுங்கு. தெரியாதவனிடம் வாங்குவது வருமானம். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை வணிகர் அறிவர்.

நம் கல்லூரி என்ன செய்யலாம்?

நம்மிடையே பலர் தம் குடும்பத்தில் முதற் பட்டதாரிகள். நேர்முகத் தேர்வு புனேயிலும் ஐதராபாத்திலும் வருகிறது. இரயிலில் இடம் கிடைக்காத அவசரத்தில் விமானச் சீட்டு வாங்க நேர்கிறது. அந்தச் சீட்டுக்கே நகை அடகுக் கடைக்குப் போகும். அதற்கு மேல் மூவாயிரம், நாலாயிரம் கொடுத்துப் பெட்டி வாங்க வேண்டுமா? பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி இரவல் கிடைக்கிறது. அதுபோல் வேலைவாய்ப்புப் பிரிவில் நல்ல பைகள் நான்கு வைத்திருந்து, தேர்வுக்குச் செல்வோருக்கு இரவல் தரலாகாதா? தொங்கு தராசு ஒன்றின் விலை சில நூறு ரூபாய். நம் இயற்பியல் ஆய்வகத்தில் சுருள்வில் தராசுக்குப் பஞ்சமில்லை. பேராசிரியப் பெருமக்கள் இதனைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இறுதியாக நண்பர்களுக்கு ஒன்று. ஒரு காலத்தில் மஞ்சள் பையோடு பட்டணம் போனவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் நம்மில் பலர் முதல் விமானப் பயணத்துக்கு முன் கடன் வாங்கியேனும் பளபளக்கும் பெட்டியைத் தேடுகிறோம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது. சிரித்தவர்கள் இன்று அதே பையைக் கையில் எடுக்கிறார்கள். காலம் மாறும், கண்ணோட்டமும் மாறும். ஆனால் 7 கிலோ என்றால் எந்தக் காலத்திலும் 7 கிலோதான். தராசுக்கு ஜாதி தெரியாது, பணக்காரனைத் தெரியாது, பெட்டியின் நிறமும் தெரியாது. நாமும் அந்தத் தராசைப்போல் பெட்டியைப் பார்க்கப் பழகினால், எவர் முன்னும் குனிந்து அமர்ந்து பெட்டியைத் திறக்க வேண்டிய நாள் நமக்கு வராது. இலேசான பையைத் தோளில் மாட்டி, நிமிர்ந்த தலையோடு படியேறுவோம். அம்மா செய்து தந்த முறுக்குக்கு அதில் எப்போதும் இடம் இருக்கட்டும்.